தண்ணியில்லாத ஊர்ல பாய்மரப் படகு: சீசனுக்கு முன்னாடி நாங்க பண்ற வேலை

கேள்வி, 6 ஜூலை 2024

வேலூர்ல பாய்மரப் படகு ஓட்டுற கூட்டம் ஒன்னு இருக்குன்னு கேள்விப்பட்டேன். நாங்க பாலாத்துல செருப்புக் கால் நனையாம அக்கரை போற ஆளுங்க. படகை எங்க ஓட்டுறீங்க, மணல் மேலயா? சீசன்னு நிஜமாவே ஒன்னு இருக்கா, இல்ல வருஷம் பூரா படகைத் துடைச்சு வெக்கிறதுதான் கிளப்பா?

7 ஜூலை 2024

கடைசி வரி கிட்டத்தட்ட சரி. ஒன்பது மாசம் துடைக்கிறோம், மூணு மாசம் ஓட்டுறோம். அந்த மூணுலயும் பாதி நாள் காத்து வராம நடு ஏரியில உக்காந்திருப்போம்.

கிளப்னு சொல்றது நாங்களா வெச்சுக்கிட்ட பட்டம். போர்டு கிடையாது, ரசீது புத்தகம் கிடையாது. மொத்தம் 11 பேர், அதுல நாலு பேர் பள்ளிக்கூடப் பசங்க. சத்துவாச்சாரியில ஒரு நண்பரோட குடோன்ல சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்துல மூணு படகு. ரெண்டு ஆப்டிமிஸ்ட், ஒரு லேசர். ஆப்டிமிஸ்ட்ங்கிறது பசங்க படகு. 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ, பாக்க குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கும், 15 வயசு வரைக்கும் அதுலதான் போட்டி. லேசர் ஒத்தை ஆள் படகு, 4.2 மீட்டர், உடம்பு மட்டும் 59 கிலோ. 2019-லேர்ந்து அதுக்கு ஐஎல்சிஏன்னு பேர் மாத்திட்டாங்க, எங்க வாய்ல லேசர்தான் வருது. மூணுமே சென்னையில செகண்ட் ஹேண்டா வாங்கினது.

தண்ணிக்கு வாலாஜா தாண்டி காவேரிப்பாக்கம் ஏரி. பல்லவர் காலத்து ஏரி, நந்திவர்மன் வெட்டினது. 3,968 ஏக்கர், நிறைஞ்சா 30.65 அடி. பாலாறு அணைக்கட்டுலேர்ந்து கால்வாய் வழியா தண்ணி வரும். நிறைஞ்ச வருஷம் கரையில நின்னா எதிர்க்கரை மங்கலாத்தான் தெரியும். மணல் மேல ஓட்டல, நம்புங்க.

9 ஜூலை 2024

"நீரில்லா ஆறு, சாமியில்லா கோயில், மன்னனில்லா கோட்டை, மரமில்லா மலை"ன்னு வேலூரைப் பத்தின பழைய பாட்டை எடுத்து வுட்டாச்சு. எதிர்பாத்தேன்.

கோட்டைக்குள்ள இருக்கிற கோயிலுக்கு சாமி 1981-லயே திரும்ப வந்தாச்சு. ஆத்துக்கு தண்ணி 2021 நவம்பர்ல வந்துது. வந்த வேகத்துல அகழித் தண்ணி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளயே பூந்துது. சாமி பேர்லயே ஜலம் இருக்கே, அவர் ஒன்னும் சொல்லல. வாணியம்பாடி பக்கம் பெரியவங்க இன்னும் 1903 வெள்ளத்தைப் பத்திப் பேசுவாங்க. இந்த ஊருக்குத் தண்ணி வராதுன்னு சொல்றதைவிட, சொல்லாம வரும்னு சொல்றதுதான் பொருத்தம். அதனாலதான் படகு எப்பவும் தயாரா இருக்கணும்.

14 ஜூலை 2024

இன்னைக்கு முதல் வேலை நாள். ஒன்பது பேர் வந்தோம்.

எங்கள்ல மூத்தவர் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார், கம்மவான்பேட்டைக்காரர். அந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் இருப்பாங்க, தெரிஞ்சிருக்கும். இவர் மெட்ராஸ் என்ஜினியர்ஸ்ல இருந்தப்ப பெங்களூர் அல்சூர் ஏரியில பாய் கட்டக் கத்துக்கிட்டவர். அவர் வந்தா டீ கூட வரிசையில நின்னுதான் வாங்கணும்.

ஆப்டிமிஸ்ட் கவுந்தா முழுகாம இருக்க உள்ள மூணு காத்துப் பை கட்டியிருக்கும். அதை ஊதி மூடி ராத்திரி வுட்டுட்டு காலையில அழுத்திப் பாக்கணும். நேத்து சாயங்காலம் ஆறு பை ஊதி வெச்சோம். காலையில அஞ்சு பை இட்லி மாதிரி இருந்துது, ஒன்னு தோசை. சோப்புத் தண்ணி தடவினா தையல் ஓரத்துல மிளகு சைஸ்ல குமிழி. பசங்களுக்கு இதுதான் ரொம்பப் புடிச்ச வேலை.

லேசர்ல ஒரு சிக்கல். பின்பக்கம் தண்ணி வடிக்கிற ஓட்டைக்கு ஒரு பிளக் உண்டு, கட்டைவிரல் அளவு. அதைக் காணோம். கடைசியா படகைக் கழுவினது ஒன்பதாவது படிக்கிற பையன். எங்க வெச்சேன்னு கேட்டா முழிக்கிறான். கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். அரை கிலோ ஆப்பிளுக்கு ஆகுற காசுதான், ஆனா இங்க கிடைக்காது, சென்னைக்கு ஆள் போகணும். பொறுப்பு வேணும் இல்லையா.

15 ஜூலை 2024

லேசர்ல கசிவு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சரியான வழியைச் சொல்றதுக்கு முன்னாடி நாங்க பண்ண வழியைச் சொல்லிடுறேன், யாரும் பண்ணக்கூடாது.

லேசர் உடம்பு உள்ள கூடு. மேல் தட்டும் அடித் தட்டும் ஓரத்துல ஒட்டியிருக்கும். பிளக் ஓட்டை வழியா லேசா காத்து அனுப்பி, மேல சோப்புத் தண்ணி தடவினா, எங்க குமிழி வருதோ அங்க கசிவு. லேசான்னா வாயால ஊதுற அளவு. போன வருஷம் நாங்க பஞ்சர் கடைக்கு எடுத்துனு போய்ட்டோம். கடைக்காரத் தம்பி நல்ல எண்ணத்துல லாரி டயருக்கு வுடுற மாதிரி வுட்டான். "டப்"புன்னு ஒரு சத்தம். ஓரம் ஒன்னரை அடிக்குப் பிளந்துது. "இன்னாணா, டியூப் இல்லையா உள்ள?"ன்னான். அவன் மேல தப்பே இல்ல. நாலு படிச்சவங்க பக்கத்துல நின்னுனு இருந்தோம்.

28 ஜூலை 2024

பிளந்த இடத்தை ஒட்டின கதை. ஃபைபர் மேட்டும் ரெசினும் பஸ் பாடி கட்டுற இடத்துல கிடைக்கும். ரெசின்ல கேட்டலிஸ்ட் நூத்துக்கு ஒன்னு, ரெண்டு பங்குதான் கலக்கணும். வெயில் ஏற ஏற அது சீக்கிரம் இறுகும். நாங்க போன மே மாசம் பகல் 12 மணிக்கு, அக்னி நட்சத்திரத்துல, ரெண்டு பங்கு கலந்து ஒரு லிட்டர் மக்ல வெச்சோம். யாரோ மோர் எடுத்துனு வந்தாங்க. மோர் குடிச்சு முடிச்சுத் திரும்பினா மக்லேர்ந்து புகை. ரெசின் கல்லாகி, மக் நெளிஞ்சு, பிரஷ் நடுவுல கொடிமரம் மாதிரி நிக்குது. அந்த மக்கை ஹவில்தார் தூக்கிப் போட வுடல. குடோன் வாசல்ல வெச்சிருக்கார், புது ஆள் வந்தா முதல்ல அதைத்தான் காட்டுவார்.

இப்போ ஒட்டுற வேலை காலை 6 மணிக்கு. ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் அளவுதான் கலக்குறது.

2 ஆகஸ்ட் 2024

நாளைக்கு ஆடிப்பெருக்கு. எங்க பக்கம் பெருக்கு இல்ல, காத்து மட்டும் உண்டு. குடோன் தகரம் தடதடன்னு அடிக்குது. இந்தக் காத்துல லேசர் பறக்கும். ஆனா ஏரியில மாடு மேயுது.

எங்க கிளப்போட மொத்தப் பிரச்சினையும் இதுதான். ஆடியில காத்து இருக்கும், தண்ணி இருக்காது. கார்த்திகையில தண்ணி இருக்கும், காத்து சோம்பேறி. மழை பெய்ஞ்சு ஓஞ்சு, ஏரியும் நிறைஞ்சு, வாடைக் காத்தும் கொஞ்சம் வீசுற அந்த இடைவெளிதான் எங்க சீசன். மார்கழி, தை, கொஞ்சம் மாசி. காலண்டர்ல முன்கூட்டியே வட்டம் போட முடியாது.

மார்சேயில ஒலிம்பிக் பாய்மரப் போட்டி நடந்துனு இருக்கு. அங்கயும் காத்து இல்லாம பந்தயம் தள்ளிப் போகுது. எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா.

அதுல விஷ்ணு சரவணன் ஓட்டுறார். நம்ம வேலூர்க்காரர். எங்க குடோன்ல கிடக்கிற அதே வகைப் படகு, அதே 7.06 சதுர மீட்டர் பாய்.

8 ஆகஸ்ட் 2024

"வேலூர்க்காரர்னு சொந்தம் கொண்டாடாதீங்க, பிறந்தது மட்டும்தான் இங்க, படகு கத்துக்கிட்டது மும்பையில"ன்னு திருத்தியிருக்கீங்க. ஒத்துக்கிறேன். அவங்க அப்பாவும் ராணுவத்துல பாய்மரப் படகு ஓட்டினவர், கடல் இருக்கிற ஊருக்குப் போனதாலதான் பையனும் ஓட்டினார். ஆனா பிறந்த ஊர் பிறந்த ஊர்தான். டோக்கியோவுல 20-வது, நடுவுல ஹாங்சோ ஆசியப் போட்டியில வெண்கலம், இப்போ பாரிஸ்ல 18-வது. சென்னை நேத்ரா குமணன் டோக்கியோவுல 35, இப்போ 21.

"18-வது வந்ததுக்கா இவ்ளோ பேச்சு"ன்னு எங்க வீட்லயே கேட்டாங்க. பாயை இறுக்கிப் புடிச்சுனு இடுப்பை வெளிய தொங்கவுட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்து பாக்கச் சொன்னேன். சோபா ஓரத்துல. மூணு நிமிஷத்துல எழுந்துட்டாங்க. நான் நாலு. இதை யாரும் கேக்கலன்னாலும் சொல்லிக்கிறேன்.

18 ஆகஸ்ட் 2024

பாய் தைக்கிற நாள்.

எங்க பாயைத் தைக்கிறவரும் பாய்தான். மேல்விஷாரத்துக்காரர், ஷூ கம்பெனியில மேல்தோல் தைக்கிற லைன்ல முப்பது வருஷம் இருந்தவர். முதல் தடவை போன்ல "பாய், ஒரு பாய் கிழிஞ்சிருக்கு"ன்னேன். "கோரைப் பாயா? அது நான் பண்றதில்லையே"ன்னார். நேர்ல விரிச்சுக் காட்டினதும் விரலால ஒரு மூலையைத் தேச்சுப் பாத்தார். தோல் ஆளுங்க கண்ணைவிட விரலைத்தான் நம்புவாங்க. "துணி நல்லாத்தான் இருக்கு, நூல்தான் செத்துப் போச்சு"ன்னார். நகத்தால நெருடினார், தையல் தவிடு மாதிரி உதிர்ந்துது. நாங்க மூணு வருஷமா கிழிசலை மட்டும் பாத்துனு இருந்தோம், தையலை யாரும் தொட்டுப் பாக்கல.

நேர்த் தையல் போட்டா ஸ்டாம்பு ஓரத்து ஓட்டை மாதிரி வரிசையாகி அங்கயே கிழியும், வளைவுத் தையல் போடணும்னு நாங்க படிச்சு வெச்சிருந்ததை அவர்கிட்ட சொன்னோம். சிரிச்சுட்டார். குழந்தைக்கு நடை சொல்லித் தர்றவங்களைப் பாத்து சிரிக்கிற மாதிரி. பாயோட கீழ் முனை, மரத்தோட உரசுற இடத்துல, மெல்லிசா சீவின மாட்டுத் தோல்ல ஒரு முக்கோணம் வெச்சுத் தைச்சார். உலகத்துல எந்த லேசருக்கும் மேல்விஷாரத்துத் தோல் ஒட்டு இருக்காதுன்னு நினைக்கிறேன். நைலான் நூல்ல ரெண்டு வரிசை, கல்லு மாதிரி.

காசு வாங்கல. தண்ணியில போகும்போது பேரனை இட்டுனு போகணும், அதான் கூலி.

20 ஆகஸ்ட் 2024

திருத்தம். நைலான் நூல்னு எழுதினது தப்பு. பாய்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன், அவர் போட்டது பாலியஸ்டர். நைலான் ஷூவுக்குச் சரி, தினமும் வெயில்ல கிடந்தா சீக்கிரம் போயிடும், இழுத்தா நீளும். பாய்த் துணியும் பாலியஸ்டர் இனம்தான், டாக்ரான்னு சொல்றது. துணியும் நூலும் ஒரே ஜாதியா இருந்தா சேர்ந்து நீளும், சேர்ந்து சுருங்கும். இவ்வளவையும் யாரும் சொல்லாமலே அவர் முடிவு பண்ணியிருக்கார்.

8 செப்டம்பர் 2024

நேத்து விநாயகர் சதுர்த்தி, இன்னைக்கு எங்க கரைப்பு. படகைக் கிணத்துல இறக்கினோம்.

கவுந்த படகை நிமுத்தத் தெரியாம யாரும் ஏரிக்கு வரக்கூடாதுங்கிறது ஹவில்தார் சட்டம். ஏரியில தண்ணி இல்ல. நீச்சல் குளத்துல கேட்டா வாட்ச்மேன் படகைப் பாத்துட்டு எங்களைப் பாத்தார், அவ்வளவுதான். அதனால அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு நண்பரோட நிலத்துக் கிணறு. நம்ம பக்கத்து ஏத்தக் கிணறு தெரியும்ல, ஒரு வீடே உள்ள போகும், பக்கத்துல படி. ஆப்டிமிஸ்ட் மூக்குல ரெண்டு கயிறு, பின்னால ரெண்டு கயிறு, நாலு மூலையில நாலு பேர். 35 கிலோதான், ஆனா கருங்கல் விளிம்புல தொங்கும்போது ஒரு கன்னுக்குட்டியை இறக்குற மாதிரி மனசு அடிச்சுக்குது. விளிம்புல சாக்கு போட்டிருந்தோம். இருந்தும் ஒரு இடத்துல சுரண்டிடுச்சு.

உள்ள இறங்கினதும் பசங்க ஒவ்வொருத்தரா வேணும்னே கவுக்கணும். அடியில நீட்டிக்கிட்டு இருக்கிற பலகையைப் புடிச்சுத் தொங்கி, பின்னாடி சாஞ்சா, படகு முதல்ல மாட்டேங்குது, அப்புறம் மனசு மாறின மாதிரி ஒரே சுத்துல நிமுந்துக்கும். உள்ள ஏறி டப்பாவால தண்ணி இறைக்கணும். நம்ம ஊர்ப் பசங்க இடுப்புல சுரைக்குடுக்கை கட்டி கிணத்துல குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டவங்க பரம்பரை, அவங்களுக்கு பயமே இல்ல. நான்தான் பயந்தேன். கவுந்து அடியில போனப்ப பாய்க் கயிறு கால்ல சுத்துச்சு. ஒரு சுத்துதான். கையால எடுத்துட்டேன். ஆனா அந்தப் பச்சைத் தண்ணியில கயிறைத் தேடின நொடி இருக்கே, அது இன்னும் போகல. பசங்களைக் கூட்டினு வர்றது சரியான்னு யோசிச்சேன். மேல ஏறி ஹவில்தார்கிட்ட சொன்னா, "அதுக்குத்தான் கிணத்துல பண்றோம்"னுட்டு போய்ட்டார். அப்பவே கயிறு முனையில எல்லாம் முடிச்சு சரிபார்த்து, உதிரிக் கயிறெல்லாம் பையில சொருகினோம்.

இன்னொன்னு. சாயங்காலம் வரும்போது மழை. வண்டியில இருந்த ரெயின்கோட்டை எடுத்துப் போட்டேன். பாக்கெட்டுல கட்டைவிரல் அளவு ஏதோ உருண்டுது.

பிளக்.

9 செப்டம்பர் 2024

ஆமா, சொல்லிட்டேன். பையன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவங்க அம்மா டீ குடுத்தாங்க. அவன் "பரவால்ல சார்"னான். அந்தப் பரவால்லைக்கு ஒரு திட்டே வாங்கியிருக்கலாம்.

12 அக்டோபர் 2024

நேத்து ஆயுத பூஜை. மூணு படகுக்கும் சந்தனம் குங்குமம், பாய்மரத்துக்கு மாலை, சுக்கானுக்கு முன்னாடி எலுமிச்சம்பழம். படகுக்குச் சக்கரம் இல்ல, பழத்தை எது மேல ஏத்தி நசுக்குறதுன்னு அரை மணி நேரம் விவாதம். கடைசியில படகைக் கொண்டுபோற குட்டி யானை வண்டிச் சக்கரத்துல வெச்சு நசுக்கினோம். பாய் பேரனும் வந்திருந்தான், சுண்டல்ல அவனுக்குத்தான் பெரிய பொட்டலம்.

லைஃப் ஜாக்கெட் 11-ம் தண்ணியில ஊறவெச்சுப் பாத்தோம். ரெண்டு கழிவு. எலி.

3 நவம்பர் 2024

எதிர்க்காத்துல எப்படிப் போவீங்கன்னு கேட்டவருக்கு: நேரா போக முடியாது. காத்து வர்ற திசைக்கு ரெண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி எந்தப் பாயும் வேலை செய்யாது, துணி மாதிரி படபடக்கும். ஏலகிரி ஏறியிருக்கீங்களா? 14 கொண்டை ஊசி. மலை மேல நேரா ஏற முடியாதுன்னுதானே வளைச்சு வளைச்சு ரோடு போட்டாங்க. அதேதான். இந்தப் பக்கம் கொஞ்சம், திருப்பி அந்தப் பக்கம் கொஞ்சம். ஒவ்வொரு திருப்பத்துலயும் தலையைக் குனியணும், மேல குறுக்குக் கட்டை வரும். குனியாதவங்களுக்கு ஏலகிரி பஸ்ல ஜன்னல்ல தலை இடிச்சவங்க மாதிரி ஒரு வீக்கம்.

அனுமதி வேலையும் ஆரம்பிச்சாச்சு. 2019-ல மாவட்டத்தை மூணாப் பிரிச்சதுக்கு அப்புறம் படகு வேலூர் மாவட்டம், ஏரி ராணிப்பேட்டை மாவட்டம். ஒரு ஆபீஸ்ல "மீன் பிடிக்கவா?"ன்னாங்க. இல்ல. "சுற்றுலாவா?" இல்ல. "அப்போ எதுக்கு?" அதுக்கு எங்ககிட்ட நல்ல பதில் இல்ல. ஃபாரத்துல அந்தக் கட்டத்தை நிரப்பாமலே குடுத்தோம்.

மீன் குத்தகைக்காரங்ககிட்ட தனியா பேசணும், அதுதான் உண்மையான அனுமதி. வலை போட்ட இடத்துல அவங்க குச்சி நட்டு துணி கட்டிடுவாங்க, நாங்க அந்தப் பக்கம் போறதில்ல. மதகு பக்கமும், மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கடைவாசல் பக்கமும் கிடையவே கிடையாது. ஏரி நிரம்பி கோடி போற நாள்ல படகே இறக்க மாட்டோம்.

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல். திருவண்ணாமலையில மண் சரிஞ்சு போனவங்க செய்தியைக் கேட்டுட்டு குடோன் பக்கம் யாரும் போகல. தண்ணி வேணும்னு அஞ்சு மாசமா எழுதினுருக்கேன், இன்னைக்கு அதைப் பத்தி எழுத மனசு வரல.

22 டிசம்பர் 2024

இறக்கிட்டோம்.

காலை 5 மணிக்கு குட்டி யானை. மேல ரெண்டு ஆப்டிமிஸ்ட் ஒன்னுமேல ஒன்னு, கூரையில லேசர். சுங்கச்சாவடியில ஒரு ஆள் வெளிய வந்து போட்டோ எடுத்தார். கரையில பனி, வேலிக்காத்தான் மேல கொக்கு, காத்து சுத்தமா இல்ல. எட்டு மணி, ஒன்பது மணி. இட்லி தீந்துது. பாய் பேரன் மூணு தடவை "எப்போண்ணா?"ன்னான். 10:40-க்கு தண்ணி மேல வடகிழக்குலேர்ந்து ஒரு கருப்புக் கோடு வந்துது. ஹவில்தார் எழுந்து நின்னார். அவர் நின்னா காத்து வந்துடுச்சுன்னு அர்த்தம்.

முதல் ஆளா, பிளக்குக்காகத் திட்டு வாங்கின அந்தப் பையனைத்தான் அனுப்பினோம். இறக்குறதுக்கு முன்னாடி லேசர் பின்பக்கம் போய்ப் பாத்தான். பிளக்கை இப்போ ஒரு முழக் கயித்துல கட்டி வெச்சிருக்கு. "இருக்கு சார். எதுக்கும் உங்க பாக்கெட்டையும் ஒருவாட்டி பாத்துக்குங்க"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் பாத்துக்கிட்டேன்.

ஆப்டிமிஸ்ட் ரெண்டும் நல்லா போச்சு. தோல் ஒட்டு அசையல. பேரன் கைக்கு சுக்கான் வந்ததும் நேரா கரைக்கே திருப்பினான், தாத்தா பாக்கணுமாம்.

மதியம் நான் லேசர்ல. முக்கால் மணி நேரம் அருமையா போய்ட்டு, நடு ஏரியில காத்து நின்னுது. பாய் துணிக்கடை போர்டு மாதிரி தொங்குது. கரையிலேர்ந்து என்னைப் பாத்துக் கையாட்டுறாங்க, அவங்களால வேற என்ன பண்ண முடியும். அரை மணி கழிச்சு தெர்மகோல் தெப்பத்துல ஒரு மீன்காரர் வந்தார். படகை, பாயை, என்னை, வரிசையா பாத்தார்.

"இன்னா சார், இவ்ளோ செலவு பண்ணி வாங்கினீங்க. ஒரு துடுப்பு சேத்து வாங்கக் கூடாதா?"

கயிறு போட்டு இழுத்துனு வந்து வுட்டார்.

23 டிசம்பர் 2024

அடுத்த ஞாயிறும் போறோம், காலை 5 மணிக்கு குடோன். இட்லி போன தடவையைவிட இருபது கூட. லேசருக்கு ஒரு துடுப்பு நான் எடுத்துனு வர்றேன்.